தாயம் விழாத நாட்களுக்குச் சில பதில்கள்

மாரி தொடங்கி மைதானத்தில் தண்ணீர் நின்றால், எங்கள் சனசமூக நிலையத்தில் கரம் போட்டுக்கு அடிபாடு. இடம் கிடைக்காதவர்கள் லூடோவுக்கும் தாயத்துக்கும் வருவார்கள். கூடவே சண்டையும் வரும். இந்த முறை வந்த கேள்விகளும் பெரும்பாலும் அந்த மாதிரிச் சண்டைகள்தான்.

மல்லாவியில் இருந்து ஒரு அம்மா: லூடோவில் என் மகனுக்கு மட்டும் ஆறு விழுவதே இல்லை. மற்றப் பிள்ளைகள் பாதித் தூரம் போன பிறகும் இவனுடைய காய் வீட்டுக்குள்ளேயே கிடக்கும். அழுதுகொண்டு எழும்பிவிடுவான். சட்டத்தை மாற்றலாமா?

தாராளமாக மாற்றுங்கள் அம்மா. பிழை பிள்ளையிலும் இல்லை, கட்டையிலும் இல்லை. ஒருவர் பத்துத் தரம் எறிந்தும் ஒரு ஆறுகூட விழாமல் போக 16 சதவீத வாய்ப்பு இருக்கிறது. கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் நான்கு பேர் ஆடும்போது அவர்களில் ஒருவருக்காவது இப்படி நடக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டு ஆட்டத்துக்கு ஒரு ஆட்டம் யாரோ ஒரு பிள்ளை சும்மா இருந்து வேடிக்கை பார்க்கத்தான் போகிறது. இன்றைக்கு உங்கள் மகன், நாளைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை.

ஆளுக்கொரு காயை வெளியில் வைத்தே தொடங்கலாம். அல்லது ஒன்று விழுந்தாலும் காயை இறக்கலாம் என்று வையுங்கள். அப்போது பத்துத் தரமும் தவறிப்போக 2 சதவீத வாய்ப்புக்கூட இல்லை. எனக்குப் பிடித்தது வேறு: இரண்டு கட்டையை எறிந்து, விரும்பிய ஒன்றை மட்டும் எடுப்பது. ஆறு கிடைக்கும் வாய்ப்பு 36இல் 6 என்பது 11 ஆகிறது. அதைவிட, ‘எதை எடுக்கலாம்?’ என்று பிள்ளை யோசிக்கத் தொடங்குகிறது. அழுகை அங்கேயே பாதி நின்றுவிடும்.

வவுனியாவில் இருந்து ஒரு மாணவி: தாயம் முழுக்க அதிர்ஷ்டம் என்கிறார் அண்ணா. அப்படியென்றால் அம்மம்மா மட்டும் எப்படி அடிக்கடி வெல்கிறார்?

அண்ணா கட்டையைப் பார்க்கிறார், அம்மம்மா கட்டத்தைப் பார்க்கிறார்.

நீளத் தாயக்கட்டை இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு பக்கம். இரண்டும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அதில் மூன்று என்ற எண் நான்கு விதமாக வரும். இரண்டும் நாலும் மும்மூன்று விதம், தாயமும் (அதாவது ஒன்றும்) ஐந்தும் இவ்விரண்டு விதம். ஆறும், இரண்டு கட்டையும் வெறுமையாக விழும் பன்னிரண்டும் ஒவ்வொரு விதம்தான். ஆகவே எதிரியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் போய் நிற்பது வெட்டு வாங்கப் போய் நிற்பது. ஆறு கட்டம் தள்ளி நின்றால் ஆபத்து நன்றாகக் குறையும். (மறு எறி கிடைக்கும் எண்களைச் சேர்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் தலைகீழாகாது.)

முள்ளியவளையில் ஒரு ஆச்சியோடு ஆடியிருக்கிறேன். விறாந்தைச் சீமெந்தில் கரியால் கீறிய கட்டம், எறிய ஆறு சோகி (சோழி). சோகியிலும் நடு எண்கள்தான் கூட விழும். ஆச்சி காயைத் தூக்க முதல், என் காயில் இருந்து தன் காய்வரை சுட்டுவிரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். இரண்டு மூன்று என்று வந்தால் அந்தக் காயை விட்டுவிட்டு வேறொன்றை நகர்த்துவார். வேறொன்று என்று ஒன்று அவரிடம் எப்போதும் இருக்கும், அதுதான் முக்கியம். நான் ஒற்றைக் காயை ஓட்டிக்கொண்டிருந்தேன். எது விழுந்தாலும் அதைத்தான் நகர்த்த வேண்டும். அவர் மூன்று காயை வெளியில் வைத்திருந்தார். ஒரே எண் விழுந்தாலும் அவருக்கு மூன்று வழி. நான்கு ஆட்டம் தொடர்ந்து தோற்றேன். தேத்தண்ணி தந்துதான் அனுப்பினார்.

விசுவமடுவில் இருந்து: பாம்பும் ஏணியும் விளையாட்டில் வெல்ல ஏதாவது உத்தி?

இல்லை. எறிந்த பிறகு தீர்மானிக்க ஒன்றுமே இல்லாத ஆட்டம் அது. ஐந்து வயதுப் பிள்ளை உங்களை நியாயமாக வெல்லக்கூடிய ஒரே இடமும் அதுதான், கெடுத்துவிடாதீர்கள்.

புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தம்பி: வயலும் குளமும் வைத்து நானே ஒரு பலகை விளையாட்டுச் செய்கிறேன். ஆடிப் பார்த்த பெடியள் ‘எல்லாம் லக்தான்’ என்கிறார்கள். கட்டையை எடுத்துவிடட்டா?

எடுக்க வேண்டாம் தம்பி, எறியும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய விதிப்படி முதலில் விதைக்கிறார்கள், பிறகு மழைக்கு எறிகிறார்கள். இது காலபோகத்துக்குப் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பது. சிறுபோகம் அப்படியில்லையே! இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் தீர்மானிக்கிறோம். அதிர்ஷ்டம் இரண்டிலும் உண்டு. முன்னதில் அது கடைசியில் வந்து உழைப்பை அள்ளிக்கொண்டு போகிறது, பின்னதில் முதலே வந்து ‘இனி உன் கெட்டித்தனம்’ என்று ஒதுங்குகிறது. முதலில் எறியட்டும், பிறகு விதைக்கட்டும்.

ஒரு கட்டைக்குப் பதில் இரண்டைக் கூட்டினாலும் நல்லது. 1995இல் ஜேர்மனியில் வெளிவந்த ‘கட்டான்’ என்ற பலகை விளையாட்டும் இப்படித்தான். ஏழு 36இல் 6 தரம், ஆறும் எட்டும் ஐவைந்து தரம், இரண்டும் பன்னிரண்டும் ஒவ்வொரு தரம். எந்த எண் எவ்வளவு விழும் என்பதை, பலகையின் நிலங்களில் வைக்கும் எண் வில்லைகளிலேயே புள்ளி போட்டுக் காட்டியிருப்பார்கள். பன்னிரண்டு வைத்த நிலத்தோரம் வீடு கட்டிவிட்டு லக் இல்லை என்று அழ முடியாது, தெரிந்துதானே கட்டினீர்கள்?

மழையை மட்டும் முழுக்க முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். வன்னிக்காரன் ஒருத்தனும் அதை நம்பமாட்டான்.

நெடுங்கேணியில் இருந்து: எட்டுத் தரம் ஆறு விழவில்லை என்றால் ஒன்பதாம் தரம் கட்டாயம் விழும்தானே?

கட்டைக்கு ஞாபகம் கிடையாது. ஒன்பதாம் தரமும் ஆறில் ஒன்றுதான். கைராசி, உருட்டும் விதம் என்று சண்டை வந்தால், சிரட்டைக்குள் போட்டுக் குலுக்கிக் கவிழ்க்கச் சொல்லுங்கள்.

கனகராயன்குளத்தில் இருந்து: கட்டை தொலைந்துவிட்டது. கடையில் தனியாகத் தருகிறார்கள் இல்லை.

புளியங்கொட்டை நான்கை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் வெள்ளை தெரியும்வரை சீமெந்தில் தேயுங்கள். எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ அதுதான் எண். எல்லாம் கறுப்பு என்றால் எட்டு என்று வைத்துக்கொள்ளலாம். தொடங்க முதல் ஐம்பது தரம் எறிந்து குறித்துப் பாருங்கள். நடுவில் உள்ள இரண்டு அடிக்கடி வராமல் ஒரே பக்கமாகவே சரிந்தால், அந்தக் கொட்டைகளை மாற்றி இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டியதுதான். ஆறேழாகவே தேய்த்து வையுங்கள், சின்னதுகள் ஒன்றிரண்டை வாயில் போட்டுக்கொள்ளும்.