எரிவும் இல்லை, வலியும் இல்லை. பிறகு ஏன் 'பஸ் செல்'?

கேள்வி: எனக்கு 34 வயது. ஒட்டுசுட்டானில் வயல் செய்கிறேன். கலியாணமாகி மூன்று வருடமாகியும் பிள்ளை இல்லை. மனைவிக்குப் பார்த்த வரையில் குறை எதுவும் சொல்லவில்லை. எனது விந்துப் பரிசோதனையில் அசைவு 24 சதவீதம், 'பஸ் செல்' அதிகம் என்று வந்திருக்கிறது. எனக்குச் சலக்கடுப்பு, வலி ஒன்றும் இல்லை. பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. 'பஸ் செல்' என்றால் சீழணு, அதாவது கிருமியை எதிர்க்க வரும் வெள்ளையணு. முதலில் என்ன கிருமி, உண்மையில் கிருமிதானா என்று பார்க்க வேண்டும்.

உடம்பு ஒன்றும் காட்டவில்லை என்பதை மட்டும் வைத்துக் கிருமி இல்லை என்று சொல்ல முடியாது. கிளமிடியா என்பது உடலுறவால் தொற்றும் ஒரு கிருமி. அது தொற்றிய ஆண்களில் பாதிப் பேருக்காவது எந்த அறிகுறியும் தெரியாது. அதேபோல் தொற்றும் மைக்கோபிளாஸ்மா ஜெனிற்றாலியம் என்ற கிருமியும் இப்படிச் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது. கிருமியை எதிர்க்க வரும் வெள்ளையணுக்கள் ஒருவகை ஒட்சிசன் நச்சைக் கக்கும். களைக்கு அடித்த மருந்து பயிரிலும் படுகிற மாதிரி, அது விந்தணுவின் மெல்லிய கொழுப்புச் சவ்வையும் தாக்கும். வால் சோரும், உள்ளிருக்கும் டிஎன்ஏயும் முறியலாம். தொற்று நாட்பட்டால் விந்துக் குழாயில் தழும்பு விழுந்து அடைபடவும் கூடும்.

ஆனால் உங்கள் ரிப்போர்ட்டை நான் அப்படியே நம்ப மாட்டேன். முதிராத விந்தணுக்களும் நுணுக்குக்காட்டியில் உருண்டையாகத்தான் தெரியும், அவற்றையும் 'பஸ் செல்' என்று எழுதிவிடுவதுண்டு. வெள்ளையணுவைப் பிரித்துக் காட்டும் பெரொக்சிடேஸ் சாயம் போட்டுப் பார்த்து, ஒரு மில்லிலீற்றரில் 10 இலட்சம் வெள்ளையணுக்களுக்கு மேல் இருந்தால்தான் அதிகம் என்பார்கள். அதுகூடக் கிருமிக்கு நிச்சயமான சாட்சி அல்ல.

அசைவு விஷயமும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் மொத்த அசைவின் கீழெல்லை 42 சதவீதம். மாதிரியை எங்கே எடுத்தீர்கள்? வீட்டில் எடுத்து வவுனியாவுக்கு பஸ்ஸில் கொண்டுபோயிருந்தால் அந்த 24ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு மணித்தியாலத்துக்குள் அது ஆய்வுகூடம் சேர வேண்டும். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் வேகவும் கூடாது, ஐஸில் வைக்கவும் கூடாது. ஆய்வுகூடத்திலேயே எடுத்துக் கொடுப்பதுதான் நல்லது. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு, கையையும் உறுப்பையும் கழுவிவிட்டு எடுங்கள். தோலில் இருக்கும் கிருமி சேர்ந்தால் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) பிழையாகிவிடும்.

கிளமிடியா உயிரணுவுக்குள் வாழ்வதால் சாதாரண சலக் கல்ச்சரில் அகப்படாது. ஒரு மணித்தியாலமாவது சலம் போகாமல் இருந்து, முதலில் வரும் கொஞ்சத்தைப் பிடித்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை செய்ய வேண்டும்.

கிளமிடியா என்று உறுதியானால் வழக்கமான மருந்து டொக்சிசைக்கிளின், ஏழு நாள். வைத்தியர் எழுதித் தந்த பிறகுதான். மனைவிக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் வேண்டும். மருந்து முடியும்வரை சேராமல் இருங்கள். அவருக்கும் இது வலியில்லாமலே கருக்குழாயைக் கெடுக்கக்கூடும். இன்னொன்று: இது மாதக்கணக்கில் மறைந்திருக்கக்கூடிய கிருமி. யார் யாருக்குக் கொடுத்தது என்று வீட்டில் சண்டை பிடிக்க வேண்டாம். மைக்கோபிளாஸ்மாவுக்குப் பல மருந்துகள் இப்போது கேட்பதில்லை, அதனால்தான் பாமசி வேண்டாம் என்றேன்.

மருந்தால் வெள்ளையணு குறையலாம், அசைவு கூடலாம். பிள்ளை நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு விந்தணு உருவாகவே ஏறத்தாழ இரண்டரை மாதம் எடுக்கும், ஆகவே மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் பணம் இல்லை, விஷயம் வெளியே போகாது. பலகையைப் பார்த்துக் கூசாமல் இருவரும் சேர்ந்தே போங்கள். போகும்போது பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.