பாஸ்வெல் ஜான்சனின் நண்பரா, அவரிடம் குறிப்பெடுக்க வந்தவரா?

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனிடம், பின்னாளில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் பாஸ்வெல் கொண்டிருந்தது உண்மையான நட்பா, அல்லது ஒரு பெரிய மனிதரின் வரலாற்றை எழுதிப் புகழ்பெறும் நோக்கத்தில் அவரைச் சுற்றிவந்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். புகழாசை பாஸ்வெல்லுக்கு நிறையவே இருந்தது. ஆயினும் அந்த நட்பு உண்மையானது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

1763 மே 16 அன்று லண்டன் கோவென்ட் கார்டனில் தாமஸ் டேவிஸின் புத்தகக் கடையில் இருவரும் சந்தித்தபோது, தாம் தொகுத்த ஆங்கில அகராதியால் பெயர்பெற்றிருந்த ஜான்சனுக்கு வயது 53, எடின்பரோ நீதிபதி ஒருவரின் மகனான பாஸ்வெல்லுக்கு 22. ஸ்காட்லாந்துக்காரர்களை ஜான்சனுக்குப் பிடிக்காது என்று அறிந்திருந்த பாஸ்வெல், தாம் அங்கிருந்து வந்தவர்தான் என்றும் அதற்குத் தம்மால் ஒன்றும் செய்ய இயலாது என்றும் தயங்கியபடி சொல்ல, அங்கிருந்து வந்துவிடாமல் இருக்க உங்கள் நாட்டவர் பலராலும் இயலவில்லை என்று ஜான்சன் வெட்டிப் பேசினார். இந்த அவமானத்தை நமக்குச் சொல்பவர் அவமானப்பட்டவரேதான்.

மூன்று மாதம்கூட நிறைவதற்குள், படிப்புக்காக ஹாலந்துக்குப் புறப்பட்ட அந்த இளைஞரை வழியனுப்ப ஜான்சன் ஹார்விச் துறைமுகம் வரை கோச்சு வண்டியில் உடன் சென்றார். குறிப்பெடுப்பவருக்காக யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். இருவரையும் மனச்சோர்வு வாழ்நாள் முழுவதும் வாட்டியது. மனைவியை இழந்து, தனிமைக்கும் மரணத்துக்கும் அஞ்சி வாழ்ந்த ஜான்சனுக்கு அந்த இளைஞரின் கலகலப்பு தேவைப்பட்டது. கண்டிப்பான தந்தையிடம் கிடைக்காத பரிவைப் பாஸ்வெல் ஜான்சனிடம் கண்டார் என்றே நினைக்கிறேன்.

குறிப்பெடுத்ததும் இரகசியமாக நடந்ததல்ல. 1773இல் இருவரும் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்குச் சென்றபோது பாஸ்வெல் நாள்தோறும் எழுதிய நாட்குறிப்பை ஜான்சனே வாங்கிப் படித்தார், விரும்பியும் படித்தார்.

ஜான்சன் 1784 டிசம்பரில் மறைந்தார். பாஸ்வெல் எழுதிய ஜான்சனின் வாழ்க்கை வரலாறு, அந்த முதல் சந்திப்பு நிகழ்ந்த அதே மே 16ஆம் நாளில், 1791இல் வெளிவந்தது. ஜான்சனின் கடுமையைச் சற்று மென்மையாக்கி எழுதும்படி எழுத்தாளர் ஹன்னா மோர் வேண்டியபோது, யாரை மகிழ்விப்பதற்காகவும் அவருடைய நகங்களை வெட்டமாட்டேன், புலியைப் பூனையாக்கமாட்டேன் என்று பாஸ்வெல் மறுத்துவிட்டார்.

அந்த நேர்மைக்கு நான் முதலில் காட்டுவது அடிமை முறை பற்றிய பக்கங்களைத்தான். ஜான்சன் அதை வெறுத்தார். பாஸ்வெல் ஆதரித்தார், அது அவர்மீது நீங்காத கறை. ஆனால், ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில் விடுதலை கோரிய ஜோசப் நைட் என்ற கறுப்பினத்தவருக்கு ஆதரவாக 1777இல் ஜான்சன் சொல்லச் சொல்லத் தாமே எழுதியெடுத்த வாதத்தை, பாஸ்வெல் தம் நூலில் அப்படியே அச்சிட்டுவிட்டு, அதன் பின்னர் தம் மறுப்பைப் பதிவு செய்கிறார்.