தாத்தா – பேத்தி ஜோடி

கேள்வி: எனக்கு 24 வயது, தாத்தாவுக்கு 73. கோயில் பஜனைகளில் ஆர்மோனியம் வாசித்துப் பேர் வாங்கியவர். சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசையை எனக்குச் சொல்லித் தந்தவரும் அவரே. போன தமிழ்மொழி விழாவில், சமூக மன்றத்தில் இருவரும் பழைய சினிமாப் பாடல்கள் பாடினோம். கூட்டத்துக்குப் பிடித்துப்போய், ‘தாத்தா – பேத்தி ஜோடி’ என்று அடுத்தடுத்துக் கூப்பிடுகிறார்கள். ஒத்திகையிலோ ஓயாத சண்டை. எல்லாப் பாட்டும் ஒரு கட்டைச் சுருதியில்தான் என்கிறார். எனக்கு அதைவிட உயர்ந்த ஐந்து கட்டைதான் சரி. அவ்வளவு இறங்கினால் வெறும் காற்றுதான் வருகிறது. மேடையிலேயே பாட்டை நிறுத்தி, “மறுபடி எடும்மா” என்கிறார். அம்மா, “வயசானவர், விட்டுக்கொடு” என்கிறார். விலகிவிடலாமா? விலகினால் தாத்தா ஆர்மோனியத்தையே தொடமாட்டாரோ என்று பயம்.
– சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

விலகுவதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த ஒரு கட்டை. சங்கராபரண ராகம் அதில் முழுக்க ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளிலேயே ஓடிவிடும். ஐந்துக்குப் போனால் நிஷாதம் (‘நி’) கறுப்புக் கட்டைக்கு ஏறும். காலமெல்லாம் ஒரே இடத்தில் பழகிய விரல் இந்த வயதில் தடுமாறுமோ என்ற அச்சம் அவருக்கு இருக்கலாம். அதைப் போய்ச் சிஷ்யையிடம் எந்தக் குரு சொல்வார்? அதட்டலாகத்தான் வரும். அதனால் ஐந்து வேண்டாம், நாலு கட்டை கேளுங்கள். ஒரு கட்டைக்கு மத்யமம், அதாவது ‘ம’, தானே நாலு? ‘ம’வையே ‘ச’வாக வைக்கும் மத்யம சுருதிப் பாட்டு வாசித்த கைக்கு அது புதிதில்லை. உங்களுக்கும் ஒரு படிதான் இறக்கம். வீட்டில் யாரும் இல்லாத மத்தியானமாகப் பார்த்து, இரண்டே பாட்டில் தொடங்குங்கள். மற்றவை அவர் கட்டையிலேயே இருக்கட்டும். அவர் பாட, நீங்கள் பின்பாட்டு.

இன்னொன்று, உங்கள் குரல் மேடையில் அவர் காதில் சரியாக விழுகிறதா? முதுமையில் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் மங்கும். வீட்டில் டிவி சத்தம் கூடியிருக்கிறதா என்று கவனியுங்கள். 60 தாண்டியவர்களுக்கான ‘புராஜெக்ட் சில்வர் ஸ்கிரீன்’ சோதனையில் கண், பல்லோடு காதையும் பார்க்கிறார்கள். “எல்லாரும் போறாங்க தாத்தா” என்று அழைத்துப்போங்கள். (காது கேட்கவில்லையா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்!)

அம்மா சொல்லும் விட்டுக்கொடுத்தலில் எனக்கு உடன்பாடில்லை. இன்று விழுங்குவது என்றாவது ஒருநாள் மேடையிலேயே வெடிக்கும். கூப்பிட்டவர்கள் ஜோடி என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் தாத்தாவுக்கு நீங்கள் இன்னும் சரளி வரிசைப் பிள்ளைதான். நீங்கள்தான் சொல்ல வேண்டும்: “மேடையில தப்பு வந்தாலும் நிறுத்தாதீங்க தாத்தா, வீட்டுக்கு வந்து காதைத் திருகுங்க.”

அதற்கு மேலும் நிறுத்தினால், அடுத்த அழைப்புக்கு ‘இந்த முறை வேண்டாம்’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வீட்டில் அவரோடு பாடுவதை மட்டும் விடாதீர்கள்.