பழைய மரச்சாமான் வாங்குமுன்: சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஒரு கேள்வி பதில்

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து: ஐயா, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஏழடி உயரத் தேக்கு பீரோ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தோம். மனசு அதிலேயே நிற்கிறது. எங்களுடையது மூன்றாம் மாடி பிளாட். வாங்கலாமா?

பதில்: அட்வான்ஸ் கொடுக்குமுன் டேப்பை எடுங்கள். 7 அடி உயரமும் 2 அடி ஆழமும் உள்ள பீரோவைப் படுக்கவைத்துக் கொண்டுவந்து அறைக்குள் நிமிர்த்தினால், நிமிரும்போது அது 7 அடி 3½ அங்குலம் வரை எழும்பும். 10 அடி கூரையில் இடிக்காது. லாஃப்ட் 7 அடியிலேயே இருந்தால் அதில் இடிக்கும், அதன் அடியில் நிற்கவும் நிற்காது. மாடிப்படி திரும்பும் இடத்தின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். பிறகு கடையில் ஒரே கேள்வி: இது பிரியுமா? பழைய பெரிய பீரோக்கள் பலவற்றில் மேல்முகப்பு, நடுப்பெட்டி, அடிப்பீடம் மூன்றும் தனித்தனியாகக் கழலும். கழன்றால் ஒவ்வொரு துண்டிலும் சாக்பீஸால் எண் போட்டு ஏற்றுங்கள். கழலாவிட்டால் விட்டுவிடுங்கள். “காலைக் கொஞ்சம் அறுத்துக்கலாம்” என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அறுத்த காலின் நுனி, வீடு துடைக்கும் தண்ணீரை ஒவ்வொரு நாளும் உறிஞ்சி மேலே ஏற்றும். நாளடைவில் அடிப்பாகம் கறுத்து உளுத்துப்போக ஆரம்பிக்கும்.

அம்மாபேட்டையிலிருந்து: ‘நூறு வருஷத்துச் சாமான்’ என்கிறார் கடைக்காரர். எதை வைத்து நம்புவது?

பதில்: முகப்பைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். டிராயரை முழுதாக உருவிக் கவிழ்த்து, அடிப்பலகையில் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். கை இழைப்புளி போன மரத்தில் மெல்லிய ஏற்ற இறக்கம் கையில் தட்டுப்படும். மெஷின் இழைத்தது கண்ணாடி மாதிரி சமமாக இருக்கும். ரம்பக் கோடுகள் நேராக, சீரில்லாமல் இருந்தால் கையறுப்பு. வில் போல வளைந்திருந்தால் வட்ட ரம்பம். ஸ்குருவின் தலையில் ஒற்றைக் கோடா, நட்சத்திரமா? நட்சத்திரத் தலை 1930-களுக்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் அது பின்னால் மாற்றியதாகவும் இருக்கலாம். பக்கத்தில் அடைத்த பழைய துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே முடிவுக்கு வாருங்கள்.

வட்ட மேஜை என்றால் குறுக்களவை மர ரேகை ஓடும் வாக்கில் ஒருமுறை, அதற்குக் குறுக்கே ஒருமுறை அளந்து பாருங்கள். மரம் காலப்போக்கில் ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும், நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. ஆகவே 3 அடி மேஜையில் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்க வேண்டும். அச்சுப் பிசகாத வட்டமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது தேய்மானம். கை வைக்கும் இடம், கால் உரசும் குறுக்குக் கட்டை, டிராயர் ஓடும் தடம், இங்கெல்லாம் தேய்ந்திருப்பது நியாயம். யார் கையும் படாத பின்மூலையிலும் அதே தேய்மானம் இருந்தால் அது உப்புத்தாளின் வேலை. பீரோவின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் பின்பலகையின் நிறமும் தடிமனும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். இரண்டு சாமானை ஒட்டுப்போட்டு ஒன்றாக விற்பது இந்தத் தொழிலில் உண்டு.

இவ்வளவு சோதித்த பிறகும் ஒன்று சொல்வேன். ஒட்டு வேலை நிறைந்த நூறு வருஷத்து மேஜையை விட, யாரும் கை வைக்காத அறுபது வருஷத்துத் தேக்கு மேஜை உயர்ந்தது.

ஆத்தூரிலிருந்து: ஈட்டி (ரோஸ்வுட்) என்று சொல்லிக் கறுப்பு பாலிஷ் போட்ட மரத்தைத் தலையில் கட்டுவார்களாமே?

பதில்: தூக்கிப் பாருங்கள். ஒரு கன அடித் தேக்கு சுமார் 18 கிலோ, ஈட்டி சுமார் 24 கிலோ. நாற்காலி அளவுச் சாமானிலேயே கை அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடும். பாலிஷ் படாத அடிப்பக்கத்தையும் பாருங்கள்: ஈட்டியில் ஊதா கலந்த பழுப்பில் கருங்கோடுகள் மரத்துக்குள்ளேயே ஓடும். சாயம் என்றால் அடியில் வெளிறிய மரம் தெரியும்.

ஓமலூரிலிருந்து: அக்கா வீட்டிலிருந்து வந்த அலமாரியில் தினமும் வெள்ளை மாவு கொட்டுகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். குண்டூசி நுழையும் அளவுத் துளைகளும் முகப்பவுடர் போன்ற தூளும் இருந்தால் அது கறையான் இல்லை, மரத்துளைப்பான் வண்டு. அதற்கு வேண்டியது வெளிறில், அதாவது பட்டையை ஒட்டிய இளமரத்தில், இருக்கும் மாவுச்சத்து. வைரம் பாய்ந்த நடுமரத்தை அது பெரும்பாலும் தொடாது. தூளைத் துடைத்துவிட்டு அடியில் கறுப்புத் துணி விரியுங்கள். ஒவ்வொரு துளையையும் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒரு மாதம் பாருங்கள். புதுத்தூள் விழுந்தாலோ பென்சில் வட்டம் போடாத புதுத்துளை முளைத்தாலோ வண்டு உயிரோடிருக்கிறது. கத்தி முனையால் குத்தும்போது அரை அங்குலம் தாராளமாக இறங்குகிற கட்டையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மற்ற இடத்துக்குப் போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசல் போதும். ஆனால் பாலிஷ் மேல் அது ஊறாது. முதுகிலும் அடியிலும் உள்ள வெறும் மரத்தில் இரண்டு மூன்று முறை தடவுங்கள். அதுவரை வேறு மரச்சாமானை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து: சேலத்து வீட்டிலிருந்த தாத்தா காலத்து டிராயர் மேஜையை மலைக்குக் கொண்டுவந்தோம். ஐப்பசி மழையில் டிராயர் திறக்கவே இல்லை. இழைக்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம், இப்போது வேண்டவே வேண்டாம். சேலத்துக் கோடையில் காய்ந்து கிடந்த மரம் சுமார் 1,500 மீட்டர் உயரத்து மூடுபனிக்கு வந்தால் ஈரத்தை வாங்கி உப்பும். ஒன்றரை அடி அகலப் பலகை 3, 4 மில்லிமீட்டர் கூடுவது சாதாரணம். மழையில் இழைத்தால் பங்குனி வந்ததும் டிராயர் லொடலொடவென்று ஆடும். இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. இப்போதைக்கு டிராயரில் இருப்பதைக் காலி செய்து எடையைக் குறையுங்கள். ஓடும் தடத்தில் மெழுகுவர்த்தியை நன்றாகத் தேயுங்கள். பங்குனியில் காய்ந்த பிறகும் பிடித்தால் மட்டும், உரசி மினுமினுக்கும் இடத்தில் ஒரே ஒரு சீவல்.

மலை வீட்டில் இன்னும் இரண்டு விஷயம். சாமானைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள், பின்னால் காற்று போகட்டும். பூஞ்சை பூத்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். பழைய பாலிஷ் அரக்கு. ஸ்பிரிட் பட்டால் அது கரைந்து கையோடு வந்துவிடும். லேசான சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி, உடனே ஒரு காய்ந்த துணி. பழைய நாற்காலிகளில் மூட்டுக்குப் போட்டது வச்சிரப் பசை, விலங்குத் தோலும் எலும்பும் காய்ச்சியது, ஈரத்தில் இளகும். ஆடுகிறதே என்று மேலே புதுப்பசை ஊற்றினால் பிடிக்காது. மூட்டைக் கழற்றி, பழைய பசையை வெந்நீர்த் துணியால் சுரண்டி, காயவைத்துத்தான் ஒட்ட வேண்டும். கதவுச் சட்டத்துக்குள் இருக்கும் நடுப்பலகைக்கு மட்டும் பசையே கூடாது. அது உப்பிச் சுருங்க இடம் வேண்டும், ஒட்டினால் நடுவே பிளக்கும்.

சூரமங்கலத்திலிருந்து: அப்பாவுக்கு எழுபத்தைந்து வயசு. எஸ்டேட் பங்களாவில் இருப்பது போல நீட்டுக் கை வைத்த சாய்வு நாற்காலி வாங்கித் தர ஆசை.

பதில்: உங்கள் ஆசை நல்லது. ஆனால் அப்பாவை ஒருமுறை அதில் உட்காரவைத்து, யாரும் கை கொடுக்காமல் எழச் சொல்லிப் பாருங்கள். அந்த நாற்காலிகள் தாழ்வானவை, பின்னால் சரிந்தவை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு எழுவதே தண்டனை. 17, 18 அங்குல உயரத்தில், இரண்டு பக்கமும் கை வைத்த பிரம்பு நாற்காலிதான் அவருக்கு ஏற்றது. சாய்வு நாற்காலி, கையில் புத்தகத்தோடு இரண்டு மணி நேரம் அசையாமல் கிடக்கும் சுபாவக்காரருக்கு. நீட்டிய கையோடு ஐந்தாறு அடி இடமும் வேண்டும்.

சாமானைத் தேர்ந்தெடுப்பதில் ‘சுபாவம்’ என்பது இதுதான். எந்தக் காலத்து வேலைப்பாடு பிடிக்கும் என்பதை விட, எப்படி உட்காருவீர்கள், தினமும் துடைப்பீர்களா, ஈர டம்ளரை எங்கே வைப்பீர்கள் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். துடைக்கப் பொறுமை இல்லாதவர் வீட்டுக்குக் கடைசல் காலும் கொடிச் சிற்பமும் வேண்டாம். வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவருக்கு மரப்பெட்டி போல் ஒன்று கிடையாது: பெட்டி, பெஞ்சு, மேஜை மூன்றும் அதுவே.

மேட்டூரிலிருந்து: பிரம்பு இருக்கை தொய்ந்துவிட்டது. புதிதாகப் பின்ன வேண்டுமா?

பதில்: இழை அறுந்திருந்தால் பின்னத்தான் வேண்டும். அறுபடாமல் தொய்ந்தது மட்டும் என்றால், நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரில் நனைத்த ஸ்பாஞ்சால் அடிப்பக்கத்தை ஒற்றுங்கள். மேல்பக்கம் வழவழப்பானது, தண்ணீர் குடிக்காது. ஒரு நாள் முழுக்க யாரும் உட்காராமல் நிழலில் காயவிடுங்கள், இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பிரம்புக்கு இது பலிக்காது.

அஸ்தம்பட்டியிலிருந்து: அமெரிக்காவில் இருக்கும் மகன் கொள்ளுத்தாத்தா மேஜையை அங்கே அனுப்பச் சொல்கிறான்.

பதில்: நூறு வருஷம் கடந்த கைவேலைப்பாட்டுப் பொருள் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வயது அதைவிடக் குறைவு என்று நினைத்தால், இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிய பிறகு பேக்கிங் செய்யுங்கள். மேஜை ஈட்டி என்றால் வனப்பொருள் ஏற்றுமதி விதிகளும் சேரும், அதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.