பதில்: அலுமினியக் குழாய் இசைக்கருவி 'டொக்' என்று மட்டும் ஒலிக்கிறது

குழாய் 'டொக்' என்று மட்டும் ஒலிக்கிறது, பாதியாக வெட்டியும் மேல் ஸ்தாயி சரியாகக் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இந்த இரண்டு சிக்கல்களுக்கும் குழாய் காரணமில்லை. 600 மி.மீ. குழாயின் இரு முனைகளையும் மரச்சட்டத்தில் திருகியிருக்கிறீர்கள். தட்டும்போது முனைகளும் நடுப்பகுதியும்தான் அதிகம் அசையும். அங்கே பிடித்தால் ஒலி செத்துவிடும். அசையாத இடம் ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தின் 22.4 சதவீதத்தில், அதாவது உங்கள் குழாயில் 134 மி.மீ.யில் இருக்கிறது. அங்கே துளையிட்டு நைலான் கயிற்றில் தொங்கவிடுங்கள். துளையிட மனமில்லையென்றால் அதே இடத்தில் ஃபெல்ட் பட்டைமேல் வைத்தாலும் போதும். திருகு மட்டும் வேண்டாம்.

அடுத்தது சுருதி. பாதியாக வெட்டினால் மேல் ஸ்தாயி (அதே ஸ்வரம், இரட்டை அதிர்வெண்ணில்) கிடைக்கும் என்பது தந்திக்குச் சரி. குழாயில் அதிர்வெண் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்பதால் பாதிக் குழாய் இரண்டு ஸ்தாயி ஏறிவிடும். வெட்டிய 300 மி.மீ. துண்டை எறிந்துவிடாதீர்கள், உச்ச ஸ்வரமாகப் பயன்படும். ஒரு ஸ்தாயி ஏற நீளத்தை 0.707ஆல் பெருக்குங்கள்: 424 மி.மீ. ஒவ்வொரு அரைச்சுரம் (ஸ்தாயியின் பன்னிரண்டு படிகளில் ஒன்று) ஏறவும் 0.9715ஆல் பெருக்குங்கள்.

வெட்டும்போது 3 மி.மீ. கூடுதலாக விட்டு, பிறகு முனையை அரத்தால் தேய்த்துச் சுருதியை ஏற்றுங்கள். அதிகம் தேய்த்துவிட்டால் இறக்குவது பெரும்பாடு. அறுத்த சூட்டில் சுருதி சற்று இறங்கியே காட்டும். ஆறிய பிறகே அளவிடுங்கள். சுருதி அளக்கும் ட்யூனர் செயலி தாவித் தாவிக் காட்டினால், அது மேற்சுரத்தை (அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுரத்தை) பிடிப்பதால். அந்த முதல் மேற்சுரம் அடிச்சுரத்தைப்போல் 2.76 மடங்கு. ரப்பர் தலைக் கோலால் சரியாக நடுவில் தட்டினால் அது அடங்கிவிடும்.