உலகில் பேசப்படும் ஆங்கிலங்களுள் எது சரியான ஆங்கிலம்?

இங்கிலாந்தில் பேசப்படுவதே சரியான ஆங்கிலம், மற்ற நாடுகளில் வழங்குபவை அதன் சிதைவுகள் என்று சொல்கிறார்களே, அது உண்மையா என்பது கேள்வி. உண்மையில்லை என்பதே என் உறுதியான கருத்து. பல நாட்டவர் பேசும் ஆங்கில ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குவது என் தொழில். ஒருவர் பேச்சில் தடுமாறுவதற்கும் தம் சமூகத்தின் இலக்கணப்படி பேசுவதற்கும் உள்ள வேறுபாடு பழகிய காதுக்குத் தெளிவாகவே தெரியும். தடுமாற்றம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வரும். இலக்கணமோ அதே இடத்தில் அதே வடிவில் திரும்பத் திரும்ப வரும்.

சிதைவு என்ற வாதத்துக்கு வரலாறும் துணை நிற்பதில்லை. 'கார்', 'ஹார்ட்' போன்ற சொற்களில் உயிரொலியை அடுத்து வரும் ரகரத்தை அமெரிக்கர்களில் பெரும்பாலோர் ஒலிக்கிறார்கள். தென்னிங்கிலாந்தில் அது பொதுவாக ஒலிப்பதில்லை. இவற்றுள் பழையது அமெரிக்க ஒலிப்புதான். 1607-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர் குடியேறிய காலத்தில் இங்கிலாந்திலும் அந்த ரகரம் பரவலாக ஒலித்தது. லண்டன் வட்டாரத்தில் அது 18-ஆம் நூற்றாண்டில்தான் பெருமளவு மறையத் தொடங்கியது. 1788-இல் குடியேற்றம் தொடங்கிய ஆஸ்திரேலியாவில் ரகரம் ஒலிக்காததற்கு இந்தக் காலவேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

மிக அதிகமாக இகழப்படுவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆங்கிலம். அதில் 'ஷி வொர்க்கிங்' என்றால் அவள் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறாள் என்று பொருள். 'ஷி பீ வொர்க்கிங்' என்றால் வேலை செய்வது அவள் வழக்கம் என்று பொருள். ஜானிஸ் ஜாக்சன் என்ற ஆய்வாளர் இதைக் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தார். எப்போதும் பிஸ்கட் தின்பதற்குப் பேர்போன குக்கி மான்ஸ்டர் என்ற பொம்மைப் பாத்திரம் உடல்நலமின்றிப் படுத்திருக்க, எல்மோ என்ற பாத்திரம் பிஸ்கட் தின்னும் படத்தைக் காட்டினார். தின்பவர் யார் என்று பொது ஆங்கிலத்தில் கேட்டபோது எல்லாக் குழந்தைகளும் எல்மோவையே காட்டினார்கள். கேள்வியில் 'பீ' சேர்ந்ததும் கறுப்பினக் குழந்தைகள் குக்கி மான்ஸ்டரைக் காட்டினார்கள். வெள்ளையினக் குழந்தைகள் எல்மோவையே காட்டினார்கள். இத்தனை நுட்பமான வேறுபாட்டைச் சிறு வயதிலேயே கையாளும் குழந்தையிடம் 'உனக்கு இலக்கணம் தெரியவில்லை' என்று வகுப்பறையில் சொல்வது எவ்வளவு பெரிய அநீதி! 1979-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் இது வழக்காகவே வந்தது. குழந்தைகளின் வீட்டுமொழியை ஆசிரியர்கள் கணக்கில் கொண்டு வாசிப்பைக் கற்பிக்கப் பள்ளி நிர்வாகம் வழிசெய்ய வேண்டும் என்று நீதிபதி சார்லஸ் ஜாய்னர் உத்தரவிட்டார்.

ஆங்கிலம் போய்ச் சேர்ந்த இடங்களில் இருந்த மொழிகளும் அதை மாற்றியிருக்கின்றன. சிங்கப்பூரில் 'ஐ ஈட் ஆல்ரெடி' என்பார்கள். வினை முடிந்ததைக் காட்டச் சீன மொழிகளில் வரும் இடைச்சொல்லின் வேலையை அங்கே 'ஆல்ரெடி' செய்கிறது. வெளிநாட்டவருக்குப் புரியாமல் போகும் என்ற கவலையில் அந்நாட்டு அரசு 2000-ஆம் ஆண்டில் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தைத் தொடங்கியது. அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் நண்பரிடம் ஒரு விதமாகவும் அலுவலகக் கூட்டத்தில் வேறு விதமாகவும் பேசத் தெரிந்தவர்கள் அங்கே ஏராளம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பப்புவா நியூ கினியின் டோக் பிசின் ஆங்கிலச் சொற்களிலிருந்து பிறந்து தனிமொழியாகவே ஆகிவிட்டது. அதில் கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் 'நாம்' 'யூமி'. அவரை விலக்கிச் சொல்லும் 'நாங்கள்' 'மிபேலா'. ஆங்கிலத்தில் இல்லாத இந்த வேறுபாடு அந்தத் தீவுப் பகுதியின் மெலனேசிய மொழிகளிலிருந்து வந்தது.

அப்படியானால் கற்பவர் எதைக் கற்பது? எழுத்தில் பிரிட்டிஷ் முறை, அமெரிக்க முறை ஆகிய இரண்டில் தம் படிப்புக்கும் வேலைக்கும் பொருந்துவதைத் தேர்ந்துகொண்டு, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் எழுதினால் போதும். பேச்சில் உச்சரிப்பை மாற்றிக்கொள்ளப் படாதபாடு படுவதைவிட, சொற்கள் தெளிவாகக் கேட்கும்படி நிதானமாகப் பேசப் பழகுவது கூடுதல் பயன் தரும். கேட்பதில் மட்டும் ஒரே வகையோடு நின்றுவிடாதீர்கள்: நைஜீரிய, ஸ்காட்லாந்து, ஜமைக்கா வானொலிப் பேச்சுகளை எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் ஒரு முறையும் பார்த்தபடி இன்னொரு முறையும் கேளுங்கள்.