லார்சனா பியூஷரா? கான்சாஸ் ரேஸ் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கே: நாஸ்கார் (அமெரிக்க கார் ரேஸ்) இப்பதான் பாக்க ஆரம்பிச்சிருக்கேன். 2024 மே 5 கான்சாஸ்ல என்னதான் நடந்துச்சு?

ப: 267 லாப்ல (ரவுண்டுல) முடிய வேண்டிய ரேஸ், கடைசில கைல் புஷ் கார் நிலை தவறி சுத்திட்டதால எல்லோ (எல்லாரும் மெதுவா போகணும்னு காட்ற மஞ்சக் கொடி) விழுந்து ஓவர்டைமுக்குப் (கூடுதல் லாப்) போயி 268 ஆயிடுச்சு. அதுவரைக்கும் லீட்ல இருந்த டென்னி ஹாம்லின் அஞ்சாவது. கைல் லார்சனும் கிறிஸ் பியூஷரும் நாலாவது டர்ன்லருந்து உரசிக்கிட்டே வந்து, 0.001 செகண்ட்ல லார்சன் ஜெயிச்சார். கப் சீரிஸ்ல (நாஸ்காரோட முதல் நிலை போட்டி) இதுக்கு முன்னாடி ரெக்கார்டு 0.002: 2003 டார்லிங்டன்ல ரிக்கி க்ரேவன், 2011 டல்லடேகால ஜிம்மி ஜான்சன்.

கே: 0.001ன்னா எவ்ளோ தூரம்?

ப: 290 கிமீ வேகம்னு வெச்சுக்கோங்க, செகண்டுக்கு 80 மீட்டர், அப்போ 8 சென்டிமீட்டர். நம்ம உள்ளங்கை அகலம்.

கே: ஆனா ஸ்கோர் போர்டுல முதல்ல பியூஷர் பேருதானே வந்துச்சு?

ப: வந்துச்சு. அது கார்ல இருக்கற ட்ரான்ஸ்பாண்டர் (நேரம் கணக்கெடுக்கற சிக்னல் கருவி) குடுக்கற கணக்கு, அது மூக்கு நுனில இல்ல. இவ்ளோ நெருக்கமா வந்தா கோட்டுக்கு நேரா வெச்ச ஹைஸ்பீட் கேமரா போட்டோதான் முடிவு, அதுல லார்சன் மூக்கு முன்னாடி. தயவுசெஞ்சு டிவிய நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து தீர்ப்பு சொல்லாதீங்க. செகண்டுக்கு 60 ஃப்ரேம்னாலும் ஒரு ஃப்ரேமுக்குள்ள கார் ஒரு மீட்டருக்கு மேல போயிடும், நாம பேசறது 8 சென்டிமீட்டர்.

கே: நான் பாஸ் பண்ணி பாத்தேன், பியூஷர்தான் முன்னாடி.

ப: மேல பதில் இருக்கு.

கே: லார்சன் ஏற்கெனவே லாஸ் வேகாஸ்ல ஜெயிச்சிட்டாரு, பியூஷருக்கு விட்டுக் குடுத்திருந்தா என்ன?

ப: ரேஸ்ல ஏதுங்க விட்டுக் குடுக்கறது? ஆனா பியூஷர நெனச்சா வயிறு எரியுதுதான். அந்த வருஷம் ஒரு ஜெயிப்பு இருந்தா ப்ளேஆஃப் (சாம்பியன முடிவு பண்ற கடைசி கட்ட ரேஸ்கள்) கிட்டத்தட்ட கன்ஃபர்ம். அடுத்த வாரமே டார்லிங்டன்ல லீட்ல இருந்தப்ப டைலர் ரெட்டிக் மோதி அதுவும் போச்சு. கடைசில ப்ளேஆஃபுக்கு முந்தின ரேஸ் சதர்ன் 500அ சேஸ் ப்ரிஸ்கோ ஜெயிச்சு எடத்த எடுத்துக்க, பியூஷர் வெளிய. அதுக்கப்புறம் வாட்கின்ஸ் க்ளென்ல ஜெயிச்சார், வந்து என்ன புண்ணியம்?

கே: அப்ப அந்த ப்ளேஆஃப் சிஸ்டமே அநியாயம்தானே? வருஷம் பூரா சேத்த பாய்ண்ட்ஸ்க்கு என்ன மரியாதை?

ப: அதே சிஸ்டம்லதான் மார்ட்டின் ட்ரூயெக்ஸ் ஜெயிக்காமலே பாய்ண்ட்ஸ்ல உள்ள போனாரு. அப்ப ஜெயிச்சவனுக்கு முதல் மரியாதை, மிச்ச எடத்துக்கு பாய்ண்ட்ஸ்னு இருந்துச்சு. எனக்கு அதுல தப்பு தெரியல, திட்றவங்க திட்டுங்க.

கே: நம்மாளு யாராச்சும் ஓட்டிருக்காங்களா?

ப: கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், 2010ல ட்ரக் சீரிஸ் (நாஸ்காரோட பிக்கப் ட்ரக் ரேஸ்). அந்த வருஷம் ரசிகர் ஓட்டுல பாப்புலர் ட்ரைவரும் அவர்தான்.

கே: இந்தாங்க ஸ்க்ரீன்ஷாட், நீங்களே பாருங்க.

ப: பாக்க மாட்டேன்.